அளவை எண்கள் வானிலைச் செய்தியாகும் விதம்

சென்னை மீனம்பாக்கத்து வானிலை நிலையத்திலிருந்து உலகமெங்கும் அனுப்பப்படும் செய்தியை எடுத்துப் பார்த்தால், அதில் சொல் என்று பெரும்பாலும் எதுவும் இராது; ஐந்தைந்து இலக்கங்களாகக் கட்டப்பட்ட எண் தொகுதிகளே வரிசையாக நிற்கும். 43279 என்பது சர்வதேச வானிலைச் சங்கேதத்தில் அந்த நிலையத்துக்கு உரிய எண். அதன் பின்னே, உதாரணத்துக்கு, 10312 என்றொரு தொகுதி வருமாயின், முதலில் நிற்கும் 1 இனி வருவது காற்றின் வெப்பநிலை என்பதையும், அடுத்த 0 அது பூஜ்யத்துக்கு மேற்பட்டது என்பதையும், எஞ்சிய 312 அது 31.2 டிகிரி செல்சியஸ் என்பதையும் குறிக்கும். 20254 என்பது காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை 25.4 டிகிரி என்று சொல்லும். 40063 என்பது, கடல் மட்டத்துக்குச் சரிசெய்யப்பட்ட காற்றழுத்தம் 1006.3 மில்லிபார் என்பதைத் தெரிவிக்கும். ஆயிரம் என்பது எல்லோரும் அறிந்ததாகையால் அந்த முதல் இலக்கத்தை அனுப்புவதில்லை. இவ்விதமான எண் கூட்டங்கள் பூமியின் ஆயிரக்கணக்கான நிலையங்களிலிருந்து, ஒரே வேளையைக் குறித்துக்கொண்டு, இரவென்றும் பகலென்றும் பாராமல் வந்துகொண்டே இருக்கின்றன.

எண்களைச் சேகரிக்கும் வழக்கம் நம் ஊருக்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் 1792-ஆம் ஆண்டில் அமைத்த வானாய்வு நிலையத்தில், 1796 முதலே வெப்பமும் அழுத்தமும் ஏட்டில் பதியப்பட்டு வந்தன. ஆயினும், அந்த ஏடுகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிரம்பிய பின்னரும், நாளை கடலுக்குப் போகலாமா என்று கேட்கும் மீனவனுக்கு அவற்றைக் கொண்டு விடை சொல்ல எவராலும் இயலவில்லை. எண் இருந்தது, அதைச் செய்தியாக்கும் வழி தெரியவில்லை. அவ்வழி எவ்வாறு கண்டறியப்பட்டது, அதில் கணிப்பொறி உண்மையில் ஆற்றும் பணி யாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏராளமான எண்களை அதிவேகமாகக் கூட்டிக் கழித்து விடையை உதிர்த்துவிடும் யந்திரமே கணிப்பொறி என்ற அபிப்பிராயம் படித்தவர்களிடையிலும் பரவியிருக்கிறது. வானிலை சாஸ்திரத்தின் வரலாற்றை ஊன்றிப் பார்ப்பவருக்கு, வந்து குவியும் எண்களில் எதை எவ்வளவு நம்புவது என்று நிர்ணயிப்பதே முதல் வேலையென்பதும், கூட்டலும் கழித்தலும் அதற்குப் பின்னரே பயன் தருகின்றன என்பதும் விளங்கும்.

1904-ஆம் ஆண்டில் இருவர் இருவேறு திசைகளிலிருந்து இந்த வினாவை அணுகத் தொடங்கினர். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற கில்பர்ட் வாக்கர் அவ்வாண்டில் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1899-இல் நல்ல மழை பெய்யும் என்று துறையினர் முன்னறிவித்திருக்க, பருவமழை அடியோடு பொய்த்துக் கொடிய பஞ்சம் விளைந்த நினைவு அப்போது ஆறாத புண்ணாக இருந்தது. காற்றின் இயக்கத்தைச் சமன்பாடுகளில் அடக்கி விடை காண்பது அன்றைய நிலையில் ஆகாத காரியமென்று கண்ட வாக்கர், உலகின் பல மூலைகளிலிருந்தும் நெடுங்காலத்து அழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் எண்களை வரவழைத்து, எந்த இடத்து ஏற்றம் எந்த இடத்து இறக்கத்தோடு சேர்ந்து வருகிறது என்பதை இந்திய எழுத்தர்களைக் கொண்டு கையாலேயே கணக்கிடச் செய்தார். பசிபிக் சமுத்திரத்தில் அழுத்தம் உயரும் காலங்களில் இந்து சமுத்திரத்தில் அது தாழ்வதும், அங்கே தாழும்போது இங்கே உயர்வதும் இந்தக் கணக்கிலிருந்து வெளிப்பட, அதற்குத் தென் அலைவு என்று அவர் பெயரிட்டார். நூற்றுக்கணக்கான பத்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே போனால், யாதொரு காரணமும் இல்லாமல் சில பத்திகள் தற்செயலாக ஒத்துப்போய் ஆராய்ச்சியாளரை ஏமாற்றிவிடும் என்பதையும் அவரே எச்சரித்து, அதைக் கண்டுகொள்ள ஒரு கணித அளவுகோலையும் வகுத்தார். புள்ளிவிவரங்களில் புதையல் தேடும் இன்றைய தலைமுறை மறவாமல் போற்றவேண்டிய எச்சரிக்கை அது.

அதே 1904-இல் நார்வே தேசத்து வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் வேறொரு பாதையைக் காட்டினார். வாயுமண்டலம் ஒரு பௌதிகப் பொருள். ஆகையால், அதன் இப்போதைய நிலையைப் போதிய துல்லியத்தோடு அறிந்து, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலை எவ்வாறு பிறக்கிறது என்ற விதிகளையும் போதிய துல்லியத்தோடு அறிந்துவிட்டால், நாளைய வானிலையைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம் என்பது அவர் முன்வைத்த சித்தாந்தம். இரண்டாவது நிபந்தனையில் பெரிய சங்கடம் இல்லை. நியூட்டன் காலத்திலிருந்து வளர்ந்து வந்த இயக்க விதிகளும் வெப்ப விதிகளும் கைவசம் இருந்தன. இடர்ப்பாடெல்லாம் முதல் நிபந்தனையில்தான் மறைந்திருந்தது. (வாக்கர் கண்ட தென் அலைவைப் பசிபிக் கடல்நீரின் வெப்பமாற்றத்தோடு இணைத்து 1969-இல் விளக்கியவர் இந்த வில்ஹெல்மின் மகன் யாக்கோப் பியெர்க்னெஸ், இரண்டு பாதைகளும் அவரிடத்தில் வந்து கூடின.)

அந்த இடர்ப்பாட்டை நேருக்கு நேர் சந்தித்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். ஆயுதம் ஏந்துவதைப் பாவமெனக் கருதும் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த அவர், முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸ் தேசத்துப் போர்முனையில் காயமுற்றவர்களைச் சுமந்து செல்லும் வண்டியை ஓட்டிக்கொண்டே, ஓய்வு கிடைத்த வேளைகளில் வைக்கோற் குவியலை மேஜையாக்கிக்கொண்டு, உலகின் முதல் கணித வானிலை முன்னறிவிப்பைக் கையால் போட்டுப் பார்த்தார். அதற்காக அவர் தேர்ந்துகொண்டது 1910 மே 20-ஆம் தேதி. ஐரோப்பாவின் பல இடங்களிலிருந்தும் ஏககாலத்தில் பலூன்கள் பறக்கவிடப்பட்டு, மேல்வானத்து நிலைமையும் அன்று அளக்கப்பட்டிருந்தது. ஐரோப்பியப் படத்தை ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகவும், உயரத்தை ஐந்து அடுக்குகளாகவும் பகுத்து, அன்று காலை 7 மணிக்குரிய அளவுகளை அவற்றில் இட்டு, ஆறு மணி நேரத்தில் அழுத்தம் எவ்வளவு மாறும் என்பதை இரண்டே கட்டங்களுக்குக் கணக்கிட அவருக்கு ஏறத்தாழ ஆறு வாரம் பிடித்தது. 1917-இல் ஷாம்பேன் போரின் குழப்பத்தில் அந்தக் கையெழுத்துப் பிரதி தொலைந்து, சில மாதங்களுக்குப் பிறகு பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியிலிருந்து மீண்டது.

இத்தனை பாடுபட்டுக் கிடைத்த விடை, மியூனிக் நகரத்தை அடுத்த ஓரிடத்தில் அழுத்தம் ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் உயரும் என்பதாக இருந்தது. உண்மையிலோ அன்று அங்கே அழுத்தம் ஏறத்தாழ அசையாமல் நின்றது. 145 என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதை உணர ஒன்று சொன்னால் போதும்: கடல் மட்டத்தில் இதுவரை அளக்கப்பட்ட மிகத் தாழ்ந்த அழுத்தம், 1979-இல் பசிபிக் சமுத்திரத்தில் வீசிய டிப் என்னும் சூறாவளியின் மையத்தில் காணப்பட்ட 870 மில்லிபார், சாதாரண அழுத்தமாகிய 1013-இலிருந்து அதன் வித்தியாசம் 143. ரிச்சர்ட்சனுடைய கணக்கு, அமைதியான ஒரு மே மாதக் காலைப் பொழுதில் அதைவிடப் பெரிய மாற்றம் நிகழும் என்று சொல்லிற்று. அவர் அதை மறைக்கவில்லை. 1922-இல் வெளியிட்ட நூலில், முறை முழுவதையும், தவறிய விடையையும், ஒவ்வொரு படிவத்தையும் அப்படியே அச்சிட்டார். ஒரு மாபெரும் மண்டபத்தில் 64,000 கணக்கர்கள் அமர்ந்து, ஒருவரிடமிருந்து ஒருவர் எண்ணைப் பெற்றுக் கணக்கிட்டு, வானிலை நிகழும் வேகத்துக்கு ஈடுகொடுப்பதாக அதே நூலில் அவர் ஒரு கனவையும் தீட்டினார். தோல்வியை இவ்வளவு நேர்மையோடு பதிந்துவைத்த விஞ்ஞான நூல்கள் அபூர்வம். அந்த நேர்மைதான் பின்வந்தவர்களுக்கு வழி காட்டிற்று.

தவறு எங்கே நேர்ந்தது? ஒரு பெரிய ஏரிக்கு ஒருபுறம் ஆறு போன்ற வாய்க்கால் வந்து விழ, மறுபுறம் அதற்கு இணையான வெள்ளம் மதகு வழியே வெளியேறிக்கொண்டிருந்தால், நீர்மட்டம் ஏறக்குறைய நிலையாகவே நிற்கும். வருவதையும் போவதையும் தனித்தனியே அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மட்டம் எவ்வளவு ஏறும் என்று சொல்லப் புகுந்தால், அளப்பதில் நேரும் அற்பப் பிழையும் மட்டத்தில் பூதாகாரமாகத் தோன்றிவிடும். வாயுமண்டலத்தில் நடப்பதும் இதுவே. இருநூறு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்தின் மீது நிற்கும் காற்றுத்தூணுக்குள், ஒருபக்கம் நுழையும் காற்றின் வேகத்தை உச்சி முதல் அடிவரை விநாடிக்கு ஒரே ஒரு மீட்டர் மிகுத்து அளந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பிழை ஒன்றே, கணக்கில், விநாடிக்கு 0.005 மில்லிபார் வீதம் அழுத்தத்தை ஏற்றும். ஆறு மணி நேரத்துக்கு 21,600 விநாடிகள் என்று பெருக்கினால் 108 மில்லிபார் ஆகிறது. ஆகவே, அன்றைய பலூன் அளவுகள் அவற்றின் தகுதிக்கு ஏற்பச் சரியாகவே இருந்திருந்தும், 145 என்ற விபரீத விடை தோன்றியதில் வியப்பில்லை.

இயற்கையில் இப்படி நிகழாததற்குக் காரணம், காற்றின் வேகமும் அழுத்தமும் ஒன்றையொன்று எந்நேரமும் சமன் செய்துகொண்டே இருப்பதுதான். சமநிலை எங்கேனும் கலைந்தால், விரைந்தோடும் அலைகள் கிளம்பி அதை மீட்டுவிடும். அளவுகளிலோ அந்தச் சமநிலை இல்லை. காற்றை அளந்த கருவியும் அழுத்தத்தை அளந்த கருவியும் தத்தம் பிழைகளோடு தனித்தனியே பேசின. இல்லாத ஒரு கொந்தளிப்பு கணக்கில் குடிகொண்டது. அயர்லாந்து தேசத்து வானிலை நிபுணர் பீட்டர் லின்ச், பல பத்தாண்டுகளுக்குப் பின், ரிச்சர்ட்சனுடைய அதே அளவுகளை எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்த பொய்யான அலைகளை மட்டும் வடித்துவிட்டு, அதே முறையில் கணிப்பொறியில் கணக்கிட்டார். அழுத்த மாற்றம் ஒரு மில்லிபாருக்கும் குறைவாக வந்தது. முறையில் குற்றமில்லை. பக்குவமடையாத அளவைகளை நேராகச் சமன்பாட்டில் இட்டதே குற்றம்.

யந்திரம் வந்தபோது இந்தப் பாடம் மறக்கப்படவில்லை. பிரின்ஸ்டனில் ஜான் வான் நியூமன் 1946-இல் தொடங்கிய வானிலைத் திட்டத்தில் சேர்ந்த ஜூல் சார்னி, அந்த விரைந்தோடும் அலைகளுக்கே இடமளிக்காத எளிய சமன்பாடு ஒன்றைத் தேர்ந்துகொண்டார். அதற்கு ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் காற்று எவ்வாறு சுழல்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். 1950 மார்ச் மாதத்தில், மேரிலாந்து மாகாணத்து அபர்டீன் ராணுவச் சோதனைக் களத்தில் இருந்த எனியாக் என்ற கணிப்பொறியில், முப்பத்துமூன்று நாள் இரவு பகலாக அந்தச் சோதனை நடந்தது. சுமார் 18,000 வெற்றிடக் குழல்களைக் கொண்ட அந்த யந்திரத்தின் நினைவில் ஒரு நேரத்தில் சில எண்களே தங்கும். ஆகையால் ஒவ்வொரு படியின் விடையும் அட்டைகளில் துளைகளாக வெளிவந்து, வகைப்படுத்தப்பட்டு, மீண்டும் உள்ளே செலுத்தப்பட்டது. அவர்களுக்கு அந்த யந்திரத்தில் நிரல் எழுதும் வித்தையைக் கற்றுக்கொடுத்து, எழுதியதைச் சரிபார்த்துத் தந்தவர் வான் நியூமனின் மனைவி கிளாரா. இருபத்துநான்கு மணி நேரத்துக்குரிய முன்னறிவிப்பைச் செய்து முடிக்க ஏறத்தாழ இருபத்துநான்கு மணி நேரமே ஆயிற்று. வானிலையின் வேகத்தை யந்திரம் எட்டிப் பிடித்துவிட்டது. வந்த விடைகள் குறையுடையனவாயினும் வானிலைப் படங்களைப் போலவே இருந்தன. 1953-இல் காலமாவதற்கு முன் ரிச்சர்ட்சன் இதைக் கேட்டறிந்து பாராட்டினார் என்பது மனத்துக்கு இதமான செய்தி. 2008-இல் லின்ச் அதே கணக்கை ஒரு சாதாரண நோக்கியா கைப்பேசியில் இட்டபோது, ஒரு விநாடிக்குள் விடை வந்துவிட்டது.

இந்த வெற்றியில் ஒரு விவரம் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. எனியாக்குக்குள் சென்ற எண்கள் கருவிகள் தந்த நேர் எண்கள் அல்ல. அமெரிக்க வானிலைத் துறையின் நிபுணர்கள், வந்த அளவுகளைப் படத்தில் குறித்து, பொருந்தாதவற்றை ஒதுக்கி, இடைவெளிகளைத் தம் அநுபவத்தால் நிரப்பி, கையால் வளைகோடுகள் வரைந்திருந்தனர். அந்தக் கோடுகளிலிருந்து கட்டத்துக்குக் கட்டம் எண்கள் படித்தெடுக்கப்பட்டன. யந்திரம் செய்தது கணக்கை. விவேகத்தை மனிதர் முன்னமே செலுத்தியிருந்தனர். நாள்தோறும் இந்த வேலையைக் கையால் செய்வது இயலாதாகையால், அந்த விவேகத்தை எப்படிக் கணிதமாக்குவது என்பதே அடுத்த வினாவாயிற்று. ஐம்பதுகளில் ஸ்டாக்ஹோமில் பெர்க்தோர்சன், டோஸ் என்ற இருவர், நேற்றைய கணக்கு இன்றைக்கு என்ன சொல்லியிருந்ததோ அதையே ஆரம்ப அநுமானமாக வைத்துக்கொண்டு, புதிதாக வந்த அளவுகளால் அதைத் திருத்துவது என்ற வழியைக் கண்டனர். லெனின்கிராடில் லெவ் காந்தின் 1963-இல் வெளியிட்ட நூலில் அந்தத் திருத்தத்துக்கு உறுதியான கணித அடிப்படை அமைந்தது.

அதன் சாரம் ஒரு சிறு கணக்கில் அடங்கும். ஓரிடத்தில் வெப்பநிலை 30 டிகிரி இருக்கும் என்று கணிப்பொறியின் முந்தைய கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கு வழக்கமாக 2 டிகிரி வரை பிசகும். வெப்பமானியோ 32 என்கிறது. அது 1 டிகிரி வரை பிசகக்கூடும். இரண்டில் எதை ஏற்பது? பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் எடை தந்தால், கணக்குக்கு ஒரு பங்கும் வெப்பமானிக்கு நான்கு பங்கும் கிடைத்து, விடை 31.6 டிகிரி என்றாகிறது. இந்த விடையின் பிழை சுமார் 0.9 டிகிரி என்பதைக் கவனிக்கவேண்டும். கணக்கைக் காட்டிலும் மட்டுமல்ல, நல்ல கருவியைக் காட்டிலும் அது சிறிது மேலானது. குறையுள்ள இரண்டு சாட்சிகளை அவற்றின் குறை அறிந்து சேர்த்தால், இரண்டையும் விடச் சிறந்த ஒரு சாட்சி பிறக்கிறது. இக்கணக்கில் எனக்கு ஏற்பட்ட ஆனந்தம் இன்னும் குறையவில்லை. எண்ணோடு அதன் நம்பகத்தன்மையும் சேர்ந்து வந்தாலொழிய அந்த எண்ணால் பிரயோஜனமில்லை என்பதை இதைக் காட்டிலும் தெளிவாக எந்தத் தத்துவ நூலும் சொல்லிவிட முடியாது.

திருத்தம் அந்த ஓரிடத்தோடு நிற்பதுமில்லை. மீனம்பாக்கத்தில் கணக்கு ஒரு டிகிரி தாழ்ந்திருந்தால், அதே காற்று பரவியிருக்கும் பக்கத்துக் கடலின் மேலும் அது ஓரளவு தாழ்ந்திருக்கும் என்று கொள்ள நியாயமுண்டு; எவ்வளவு தூரம் வரை, எந்த விகிதத்தில் என்பதையும் பழைய பிழைகளின் வரலாற்றிலிருந்து கணிக்கலாம். கருவியே இல்லாத வங்கக் கடலின் நடுப்பகுதிக்கும் கணிப்பொறியால் ஒரு வெப்பநிலையைச் சொல்ல முடிவது இவ்வாறுதான். ஒரு கணத்து அளவுகளை மட்டும் பாராமல், பல மணி நேரத்தில் வெவ்வேறு வேளைகளில் வந்த அளவுகள் அனைத்தோடும் இயன்றவரை ஒத்துப்போகும்படி ஆரம்ப நிலையையே திரும்பத் திரும்பச் சரிசெய்யும் முறையை, இங்கிலாந்தில் ரெடிங் நகரத்திலுள்ள ஐரோப்பிய வானிலை மையம் 1997-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எதிர்காலத்தைக் கணிக்கும் வேலைக்கு முன்னால், நிகழ்காலம் இன்னதென்று கண்டுபிடிக்கவே கணிப்பொறியின் உழைப்பில் கணிசமான பங்கு செலவாகிறது.

செயற்கைக்கோள்கள் வந்தபின் இது மேலும் நுட்பமாயிற்று. முதல் வானிலைக் கோளாகிய டைரோஸ் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வானில் செலுத்தப்பட்டது. விண்ணிலிருந்து பார்க்கும் கோள் வெப்பநிலையை அளப்பதாகப் பலரும் நினைக்கிறோம். அது அளப்பது, பூமியிலிருந்தும் பல அடுக்குக் காற்றிலிருந்தும் கலந்து மேலெழும் கதிர்வீச்சையே. ஒரே கதிர்வீச்சு அளவைப் பலவிதமான வெப்ப அடுக்குகள் தரக்கூடுமாகையால், அதிலிருந்து நேரே வெப்பநிலையைப் பிரித்தெடுக்க முயன்றபோது பலன் அரைகுறையாகவே இருந்தது. 1990-களில் விஞ்ஞானிகள் வினாவையே திருப்பிப் போட்டார்கள். கணிப்பொறி தன்னிடமுள்ள வாயுமண்டலத்தைக் கொண்டு, இப்படி இருந்தால் கோளின் கருவியில் எந்த அளவு பதிவாகும் என்று கணக்கிடும். உண்மையில் பதிவான அளவோடு அதை ஒப்பிடும். வேற்றுமை இருந்தால் தன் வாயுமண்டலத்தைத் திருத்திக்கொள்ளும். தரை நிலையங்கள் அருகிய தென் கோளத்துக்கும் இன்று வட கோளத்துக்கு ஏறக்குறைய நிகராக முன்னறிவிப்புச் சொல்ல முடிவதற்கு இந்தத் திருப்பம் முக்கிய காரணம்.

எண்களைச் சேர்ப்பதைப் போலவே எண்களை ஒதுக்குவதும் இந்தச் சாஸ்திரத்தில் அன்றாடக் காரியம். அட்ச ரேகையில் ஓர் இலக்கம் மாறியதால் கப்பல் நிலத்தின் நடுவே நிற்பதாக வரும் செய்தியை யந்திரம் எளிதில் தள்ளிவிடும். கடினமான இடம் வேறு: எதிர்பார்ப்புக்கு மாறாக வரும் எண் பிழையா, உண்மையிலேயே புதுமையா? அண்டார்ட்டிகாவின் மேலே ஓசோன் படலம் வசந்தந்தோறும் மெலிந்துவருவதை, தரையிலிருந்து அளந்துவந்த ஜோசப் ஃபார்மன் முதலிய பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1985 மே மாதத்தில் வெளியிட்டபோது, அதே குறைவை நிம்பஸ்-7 என்ற அமெரிக்கக் கோளும் முன்னரே அளந்திருந்தது. ஆனால், ஒரு வரம்புக்குக் கீழே வந்த அளவுகள் ஐயத்துக்குரியவை என்று நிரல் அவற்றுக்கு அடையாளமிட்டிருந்தது. ஆய்வாளர்கள் அந்த அடையாளத்தைக் கண்டு, தென் துருவத்து நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். அங்கிருந்து வந்த எண்களோ தவறாக உயர்ந்திருந்தன. கோள் மெய் சொல்லிற்று. சாட்சி சொல்லவந்த தரைக்கருவி பிசகியிருந்தது. கணிப்பொறி அந்த எண்களை எறிந்துவிட்டதாக இக்கதை பல இடங்களில் சுருக்கிச் சொல்லப்படுகிறது. நிகழ்ந்தது அதைவிடப் படிப்பினை நிறைந்தது: ஐயப்படுவதும் நியாயமாயிருந்தது, ஒத்துப் பார்த்ததும் நியாயமாயிருந்தது, அப்படியிருந்தும் உண்மை தாமதப்பட்டது. ஒதுக்கிய எண்களை அழித்துவிடாமல், ஒதுக்கிய காரணத்தோடு பாதுகாத்து வைக்கவேண்டும் என்று நிபுணர்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

ஆரம்ப நிலை எவ்வளவு திருத்தமாக அமைந்தாலும் அதில் சிறு பிழை எஞ்சியே தீரும். அச்சிறு பிழை என்ன ஆகும் என்பதை 1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் கண்டறிந்தார். தம் கணிப்பொறியில் பாதியில் விட்ட ஒரு கணக்கைத் தொடர, 0.506127 என்பதற்குப் பதில் தாளில் அச்சாகியிருந்தபடி 0.506 என்று இட்டதில், சிறிது தூரம் ஒத்துவந்த விடை பிறகு முற்றிலும் வேறு திசையில் போய்விட்டது. இதிலிருந்து வானிலை நிபுணர்கள் கற்றுக்கொண்ட வழக்கம் போற்றத்தக்கது. ஒரே ஆரம்ப நிலையை நம்பாமல், பிழை எல்லைக்குள் சற்றே வேறுபட்ட பல ஆரம்ப நிலைகளிலிருந்து பல கணக்குகளைப் போடுகிறார்கள். 1992-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொடங்கிய இம்முறையில், ஐரோப்பிய மையம் இன்று 51 கணக்குகளை ஒருங்கே நடத்துகிறது. ஐம்பத்தொன்றும் ஓரிடத்தையே சுட்டினால் துணிந்து பேசலாம். நாற்புறமும் சிதறினால் அந்தச் சிதறலே மக்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி.

புயலின் பாதையைக் காட்டும் படத்தில் நாளாக நாளாக அகன்றுகொண்டே போகும் கூம்பு ஒன்றை இந்திய வானிலைத் துறை வரைவதைப் பலர் பார்த்திருப்பார்கள். வானிலையாளருக்கு ஒன்றும் உறுதியாகத் தெரியவில்லை என்பதன் அடையாளமாக அதைக் கருதுவது பெருந்தவறு. எந்தக் கடற்கரையை இன்றே காலி செய்வது, எந்தக் கடற்கரையைத் தயார் நிலையில் மட்டும் வைப்பது என்று மாவட்ட அதிகாரி தீர்மானிக்க அந்த அகலம்தான் உதவுகிறது. 1999 அக்டோபர் 29-ஆம் தேதி ஒடிசாக் கரையைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபர் 12-ஆம் தேதி அதே மாநிலத்துக் கோபால்பூர் அருகே ஃபைலின் புயல் கரை கடந்தபோது, சுமார் பத்து லட்சம் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர்; உயிரிழந்தோர் சில பத்துப் பேர். இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டப்பட்ட புயல் புகலிடங்களுக்கும், வீடு வீடாகச் சென்று அழைத்த ஊழியர்களுக்கும் இந்தப் பெருமையில் பெரும்பங்கு உண்டு. எனினும், எங்கே, எப்போது என்பது நான்கைந்து நாள் முன்னதாகத் தெரியாதிருந்தால் அந்த ஊழியர்கள் யாரை எங்கே அழைத்திருப்பார்கள்? முன்னறிவிப்பின் திறம் பத்தாண்டுக்கு ஒரு நாள் வீதம் நீண்டுவந்திருப்பதாக நிபுணர்கள் கணிக்கிறார்கள். இன்றைய ஐந்து நாள் முன்னறிவிப்பு, பத்தாண்டுக்கு முன்பிருந்த நான்கு நாள் முன்னறிவிப்புக்கு நிகர். கவிகளும் பத்திரிகைகளும் பாடாத இந்த மெதுவான முன்னேற்றம், நம் காலத்து விஞ்ஞானத்தின் தலைசிறந்த சாதனைகளுள் ஒன்று என்பது என் துணிபு.

சமீபகாலத்தில் பௌதிகச் சமன்பாடுகளையே கையாளாமல், பழைய வானிலையைப் பயின்று அடுத்த நிலையைச் சொல்லும் செயற்கை அறிவு நிரல்கள் தோன்றியிருக்கின்றன. கூகுளின் டீப்மைண்ட் குழுவினர் 2023-இல் வெளியிட்ட கிராஃப்காஸ்ட், பத்து நாள் முன்னறிவிப்பை ஒரு நிமிஷத்துக்குள் தந்துவிடுகிறது. ஐரோப்பிய மையமும் 2025 பிப்ரவரி முதல் இத்தகைய நிரல் ஒன்றை அன்றாடப் பயனுக்குக் கொண்டுவந்துள்ளது. வாக்கரின் பாதை வென்றுவிட்டது, ரிச்சர்ட்சனின் பாதை இனி வேண்டாம் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். ஆனால், கிராஃப்காஸ்ட் எதைப் படித்துப் பழகிற்று என்று பார்க்கவேண்டும். அது பயின்றது 1979 முதல் 2017 வரையுள்ள முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குரிய ஈரா-5 என்னும் தொகுப்பு. அந்தத் தொகுப்போ, பழைய அளவுகள் அனைத்தையும் ஐரோப்பிய மையத்தார் ஒரே பௌதிகக் கணக்கோடு சேர்த்து எடைபோட்டு, மணிக்கு மணி, கட்டத்துக்குக் கட்டம் சமன் செய்து உருவாக்கியது. இளம் நிரல் புதிய வானிலையைச் சொல்லத் தொடங்கும்போதும், அதற்கு இன்றைய நிலை என்று கொடுக்கப்படுவது அவ்வாறே பக்குவப்படுத்தப்பட்ட நிலைதான். இந்தப் பூர்வாங்க வேலையையும் விட்டுவிட்டு, நிலையங்களும் கோள்களும் தரும் அளவுகளிலிருந்தே நேராக முன்னறிவிப்பைப் பெறும் ஆர்ட்வார்க் என்ற நிரலைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2025 மார்ச்சில் நேச்சர் இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். அதுவும், தான் கண்ட வானிலை சரிதானா என்று பயிற்சிக் காலத்தில் ஒத்துப் பார்த்துக்கொண்டது ஈரா-5 தொகுப்போடுதான்.